பாதிரியார் பேரில் ஒரு கோப்பை

வீட்டிலேயே செய்யக்கூடிய பிரெஞ்சு காக்டெயில்களில் ரொம்ப எளிமையானது கீர். பாதாம் கீர் இல்லைங்க, இது வேற. ஒயின் கிளாஸில் முதலில் 10 மி.லி. க்ரெம் தெ காசிஸ். பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மதுபானம். அதன் மேல் குளிர்ந்த வெள்ளை ஒயின் 90 மி.லி. ஷேக்கரே வேண்டாம். ஊற்றும்போதே கலந்துடும்.

பர்கண்டிப் பகுதியின் தீஜோன் நகரில் காசிஸ் 1841 முதல் தயாராகிறது. அங்கே அலிகோத்தே திராட்சை ஒயினில் புளிப்பு தூக்கலா இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் இந்த இனிப்பு. அப்போ இதுக்குப் பேர் 'பிளாங்-காசிஸ்'.

ஃபெலிக்ஸ் கீர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1940-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் தப்பிக்க உதவியவர். 1944-இல் அவரைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். 1945 முதல் 1968-இல் இறக்கும்வரை தீஜோன் மேயர். நகராட்சிக்கு யார் வந்தாலும் இதைத்தான் கொடுப்பார். பேரும் ஒட்டிக்கிச்சு.

சிவப்பு ஒயினை ஜெர்மானியர் அள்ளிட்டுப் போனதால, வெள்ளையைச் சிவப்பாக்க அவர் கண்டுபிடிச்சதுதான் இதுன்னு ஒரு கதை சுத்துது. நானும் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். தப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீஜோனில் இதைக் குடிச்சிருக்காங்க.

1951-இல் ஒரு காசிஸ் நிறுவனத்துக்குத் தன் பேரைப் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி தந்தார். அப்புறம், மனுஷன் போட்டி நிறுவனங்களுக்கும் அதே அனுமதியைத் தூக்கிக் கொடுத்துட்டார்! விவகாரம் கோர்ட்டுக்குப் போச்சு.