பாரசீகப் பூனை வந்த வழி

பாரசீகம் என்றவுடன் கம்பளமும் பன்னீரும் கவிதையும் நம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் பெயரைச் சுமந்து உலகெங்கும் உலவும் நீள்மயிர்ப் பூனையைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ரோமாபுரியைச் சேர்ந்த பியத்ரோ தெல்லா வல்லே என்னும் பயணி, ஷா அப்பாஸ் ஆண்ட நாளில் இஸ்ஃபஹானில் தங்கியிருந்தார். 1620 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் அவர் குராசான் மாநிலத்துப் பூனைகளைக் கண்டு வியக்கிறார். சாம்பல் நிறம், பட்டின் மென்மையும் மினுமினுப்பும் கொண்ட நீண்ட உரோமம், அணிலைப்போல் முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் அடர்ந்த வால். போர்த்துக்கீசியர் இவற்றை இந்தியாவுக்கும் கொண்டு சென்றதாக அவர் குறிப்பிடுகிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில், பெய்ரெஸ்க் (1580–1637) என்னும் பிரெஞ்சு அறிஞர் உதுமானியர் ஆட்சியிலிருந்த அங்கோராவிலிருந்து பூனைகளை வரவழைத்தார். இன்றைய அங்காராதான் அது. நீண்ட உரோமத்துக்குப் பேர்போன ஊர். 'மொஹேர்' துணி அங்கோரா ஆட்டின் உரோமத்தால் நெய்யப்படுவது. அச்சொல்லின் மூலம், 'தேர்ந்தெடுக்கப்பட்டது' எனப் பொருள்படும் 'முகய்யர்' என்ற அரபுச் சொல் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

1871 இல் லண்டன் பளிங்கு மாளிகையில் ஹாரிசன் வெயர் பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். பரிசு என்று வந்துவிட்டால் மனிதனின் ஆசைக்கு அளவேது? உரோமம் இன்னும் அடர வேண்டும், முகம் இன்னும் உருள வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து இணை சேர்த்தனர். 20 ஆம் நூற்றாண்டில், மூக்கு கண்களுக்கிடையே அமுங்கிவிடும் அளவுக்கு முகம் தட்டையாயிற்று. அங்கோராப் பூனையோ ஐரோப்பாவில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அங்காரா விலங்குக் காட்சிசாலை பேணி வந்தவற்றில் ஓர் இணை 1962 இல் அமெரிக்கா சென்ற பின்னரே மேனாட்டார் அதனை மீண்டும் வளர்க்கலாயினர். 2008 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, பாரசீகப் பூனை எனப்படுவது மேற்கு ஐரோப்பியப் பூனைகளையே நெருங்கி நிற்பதைக் காட்டிற்று. குராசானுக்கு மிஞ்சியது பெயர் மட்டுமே!

ஒளுவுக்கு வைத்த நீரைப் பூனை பருகுவதற்காக அபூ கத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணி என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை எடுத்துரைத்ததையும் நாம் படித்திருக்கிறோம். அந்தப் பூனை கேட்டது தண்ணீர் மட்டுமே. இன்று நம் ஊர்களில் விலைகொடுத்து வாங்கப்படும் பாரசீகப் பூனைக்கு அது போதாது. அங்கோராவுக்கு அடிமயிர் இல்லை என்றே கூறலாம். வாரத்தில் இரண்டொரு முறை சீவினால் போதும். பாரசீகப் பூனையின் அடர்ந்த அடிமயிரை அதன் நாவால் சீர்செய்ய இயலாது. அப்படி வளர்த்துவிட்டவன் மனிதன். ஆகவே சீப்பும் அவன் கையில்தான் இருக்க வேண்டும்.

நாள்தோறும் அகன்ற பல்லுடைய உலோகச் சீப்பால் வாரிவிட வேண்டும். காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, வயிறு, வாலின் அடி ஆகியவை சிக்கு விழும் இடங்கள். கவனியாது விட்டால் மயிர் கம்பளம்போல் இறுகித் தோலைப் பிடித்திழுக்கும்; அடியில் புண் உண்டாகும். பலர் அவசரப்பட்டுக் கத்தரிக்கோலை எடுக்கின்றனர். பூனையின் தோல் மிக மெல்லியது. சிக்கோடு மேலெழுந்து வெட்டுப்பட்டுவிடும். விரலால் பிரித்து நுனியிலிருந்து மெல்லச் சீவுவதே முறை. மிகவும் இறுகிப்போனதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடலாம். குளிப்பாட்டுவது சிக்கெடுத்த பிறகே. நனைந்த சிக்கு மேலும் இறுகும். தட்டை முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்குமாதலால், கண்ணோரத்தைச் சுத்தமான ஈரத்துணியால் அன்றாடம் துடைத்துவிட வேண்டும்.