ஒரு நட்டு ஏன் கழற மாட்டேங்குது? தாத்தாவோட புல்லட்டும் 260 வருஷ வரலாறும்

இந்த எபிசோடை நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்துல இருந்து தொடங்குறேன்.

மன்னார்குடி பக்கம் எங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்துச்சு. அங்க மோட்டார் கொட்டகையில ஒரு பழைய புல்லட் நிக்குது. 1970-கள்ல வாங்கின வண்டி. பேருக்குத்தான் மோட்டார் சைக்கிள், உண்மையில அது ஒரு மாட்டு வண்டி. உர மூட்டை, விதை நெல், பால் கேன்னு எல்லாத்தையும் சுமந்திருக்கு. தாத்தா தவறி 11 வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து யாரும் அதைத் தொடல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, இதை ஓட வைக்காம விடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஆன்லைன்ல வாங்கின பளபளப்பான ஸ்பேனர் செட் ஒண்ணும் கையில இருந்துச்சு. முதல் நட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனரை வெச்சேன், நுழையல. 14 போட்டேன், நுழைஞ்சது. லேசா ஆடுச்சு, பரவாயில்லன்னு ஓங்கி ஒரு அழுத்து. சரக்குன்னு வழுக்கி, என் கை முட்டி ஃப்ரேம்ல இடிச்சு ரத்தம். நட்டோட ஆறு மூலையும் மொழுக்குன்னு ஆயிடுச்சு. அது இருந்த இடத்தை விட்டு ஒரு நூல் கூட அசையல.

டவுன்ல இருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். வயசு அறுபதுக்கு மேல இருக்கும். நட்டைப் பாத்தார், என் ஸ்பேனரைப் பாத்தார். "தம்பி, இது மில்லிமீட்டர் வண்டி இல்ல. இன்ச் வண்டி"ன்னார்.

அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு வரலாறு இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

மரைக்கு ஒரு சட்டம்

19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல இங்கிலாந்துல இருந்த ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையில செஞ்ச நட்டு இன்னொரு பட்டறையோட போல்ட்டுல ஏறாது. ஒரு மெஷின் ரிப்பேர் ஆனா, அதைச் செஞ்ச இடத்துக்கே போகணும்.

இதைச் சரி செய்யக் கிளம்பினவர் ஜோசப் விட்வொர்த். லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேயோட பட்டறையில தொழில் கத்துக்கிட்டு, பிறகு மான்செஸ்டர்ல சொந்தமா பட்டறை போட்டவர். அவர் புதுசா ஒரு மரையைக் கற்பனை பண்ணல. இங்கிலாந்தோட பல பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சு, அளந்து பாத்து, ஒரு சராசரி எடுத்தார். மரையோட கோணம் 55 டிகிரி, இந்தக் கனத்துக்கு இன்ச்சுக்கு இத்தனை சுற்றுன்னு ஒரு பட்டியல் போட்டார். 1841-ல அதை லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்துல வாசிச்சார். ரயில்வே கம்பெனிகள் அதை ஏத்துக்கிட்டதும் மத்தவங்களும் பின்னால வந்தாங்க. பிரிட்டிஷ் மெஷின் போன இடமெல்லாம் இந்த மரையும் போச்சு.

அமெரிக்கா கேக்கல. 1864-ல ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி கோணத்துல வேற ஒரு மரையை முன்வெச்சார். ஐரோப்பாவில் மெட்ரிக் மரை தனியா வளர்ந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே பக்கம் நின்னு சண்டை போட்டாங்க, ஆனா இவங்க நட்டு அவங்க போல்ட்டுல ஏறல. 1948-லதான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் உக்காந்து ஒரு பொது மரைக்கு ஒத்துக்கிட்டாங்க.

சரி, இதுக்கும் மன்னார்குடிக்கும் என்ன சம்பந்தம்?

1955-ல ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்குறாங்க. திருவொற்றியூர்ல புல்லட் தயாராகுது. வரைபடம் இங்கிலாந்துது, அளவும் இங்கிலாந்துது. எல்லாமே இன்ச். அதுக்கு அடுத்த வருஷம், 1956-ல, எடை அளவுச் சட்டம் மூலமா இந்தியா மெட்ரிக் முறைக்கு மாற முடிவெடுக்குது. தேதிகளைக் கவனிங்க. நாடே மில்லிமீட்டருக்குக் கிளம்புறப்போ புல்லட் இன்ச்சுல பிறந்திருக்கு! 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்ட் வண்டிகளோட உற்பத்தியே நின்னுபோச்சு. மெட்ராஸ்ல மட்டும் அது தொடர்ந்து ஓடுச்சு. பின்னால வந்த புல்லட்டுகள்ல மெட்ரிக் அளவு கொஞ்சம் கொஞ்சமா நுழைஞ்சது. அதனால பழைய வண்டியில ரெண்டும் கலந்துகூட இருக்கலாம்.

இப்போ என் நட்டுக்கு வருவோம். மெக்கானிக் அண்ணன் பையில இருந்து ஒரு கறுத்துப்போன ஸ்பேனரை எடுத்தார். அதுல 1/4 W-ன்னு பொறிச்சிருந்தது. கால் இன்ச்சுன்னா ஆறரை மில்லிமீட்டர்கூட வராதே, ஆனா வாய் அவ்வளவு பெருசா இருக்குதேன்னு கேட்டேன். விஷயம் என்னன்னா, விட்வொர்த் ஸ்பேனர்ல இருக்குற எண் வாயோட அகலம் இல்ல, அது பொருந்துற போல்ட்டோட கனம். அந்த ஸ்பேனரோட வாய் 0.525 இன்ச், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். 13 ஏன் நுழையல, 14 ஏன் வழுக்கிச்சுன்னு புரியுதா? 0.7 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஆறு மூலையையும் மொழுக்கையாக்க.

ஸ்டார் ஸ்க்ரூவோட ரகசியம்

அதே கொட்டகையில சித்தப்பாவோட ஆர்.எக்ஸ். 100 நிக்குது. அதோட இன்ஜின் கவர் ஸ்க்ரூக்களைப் பாத்தீங்கன்னா, எல்லாத்தோட தலையும் எலி கடிச்ச மாதிரி இருக்கும். இதுக்குப் பின்னாடி இருக்குறது வேற கதை.

பழைய ஸ்க்ரூக்களுக்குத் தலையில ஒரே ஒரு கோடு. கையால திருப்ப அது சரி. ஆனா கார் ஃபேக்டரியில மெஷினை வெச்சு வேகமாத் திருப்பினா டிரைவர் பக்கவாட்டுல நழுவிடும். அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ், ஜான் தாம்சன்ங்கிறவர்கிட்ட இருந்து கூட்டல் குறி போட்ட தலையோட யோசனையை வாங்கி, செம்மைப்படுத்தி, 1936-ல காப்புரிமை எடுத்தார். டிரைவர் தானாவே நடுவுல போய் உக்காரும். காடிலாக் கார் ஃபேக்டரியில அது நுழைஞ்சது, அப்புறம் உலகம் முழுக்கப் பரவிச்சு. நாம அதை ஸ்டார் ஸ்க்ரூன்னு சொல்றோம்.

ஆனா அதுக்கு ஒரு குணம் உண்டு. அதிகமா முறுக்கினா டிரைவர் மேல ஏறி வெளியே வந்துடும். புதுசா மாட்டுறப்போ பெரிய தொந்தரவு இல்ல. பல வருஷமா இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழட்டுறப்போ அதுவே எமன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 1980-கள்ல ஜப்பான் கம்பெனிகள் இங்க கூட்டுச் சேர்ந்தப்போ, மூணே வருஷத்துல நம்ம ரோடு மாறிடுச்சு. 1984-ல ஓசூர்ல இருந்து இண்ட்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டாவும் ஆர்.எக்ஸ். 100-ம், 1986-ல கவாசாகி பஜாஜ். ஜப்பானியர்கள் தங்களோட ஜே.ஐ.எஸ். தரப்படி கூட்டல் குறித் தலையைக் கொஞ்சம் வேற மாதிரி செஞ்சிருந்தாங்க. பாக்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனா ஃபிலிப்ஸ் டிரைவரை வெச்சா அதோட முனை குழியோட அடி வரைக்கும் போய் உக்காராது. அரைகுறையாப் பிடிச்சுக்கிட்டு முறுக்கினா தலை கிழியும். பல ஜப்பான் ஸ்க்ரூக்களோட தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். அந்தப் புள்ளியைக் கவனிக்காம எத்தனை பேர் எத்தனை ஸ்க்ரூவைக் கொன்னிருப்போம்!

துருப்பிடிக்காத உலோகம் ஏன் கவ்வுது?

இப்போ புல்லட்டுக்குத் திரும்புவோம். அடுத்தது இன்ஜினோட டைமிங் கவர். ஸ்டீல் ஸ்க்ரூ, அலுமினிய கிராங்க் கேஸ். அண்ணன் சொன்னார், "இதை மட்டும் நீங்க தொடாதீங்க தம்பி. கேஸ் வெடிச்சா இன்ஜின் நம்பரும் போச்சு."

இன்ஜின் நம்பரை கிராங்க் கேஸ்லதான் பொறிச்சிருப்பாங்க. தாத்தா பேர்ல இருக்குற ஆர்.சி. புக்ல இருக்குறதும் அதே நம்பர்தான். கேஸ் உடைஞ்சு வேற கேஸ் போட்டா, அது காகிதத்துல இருக்குற அந்த வண்டியே இல்ல. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்கணும்ங்கிறது ஒரு பக்கம். தாத்தாவோட வண்டின்னு சொல்லிக்க மிச்சம் இருக்குற ஒரே அடையாளம் போயிடும்ங்கிறது இன்னொரு பக்கம். அதுக்கப்புறம் நான் ஸ்பேனரைத் தூக்கவே இல்ல.

அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, அப்புறம் ஏன் கவ்விப் பிடிக்குது? பதிலுக்கு 1761-க்குப் போகணும். பிரிட்டிஷ் கடற்படை அலாரம்ங்கிற போர்க்கப்பலோட அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிச்சது. மரத்தைப் புழு துளைக்காம இருக்கணும்ங்கிறதுக்காக. ரெண்டு வருஷம் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் சுத்திட்டு வந்த கப்பலை 1763-ல சோதிச்சாங்க. செம்பு நல்லா இருந்தது. ஆனா தகட்டைப் பிடிச்சிருந்த இரும்பு ஆணிகள் பல அரிச்சுப் போயிருந்தன. சில இடத்துல மட்டும் ஆணி பிழைச்சிருந்தது. அங்கெல்லாம் தகட்டைச் சுத்தி வந்த பழுப்புக் காகிதத்தை எடுக்காமலே அடிச்சிருந்தாங்க. செம்பும் இரும்பும் நேரா தொட்டுக்கல.

ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டு, நடுவுல உப்புத் தண்ணியும் இருந்தா அது ஒரு பேட்டரி. இதுல ஒண்ணு இன்னொண்ணுக்காகத் தன்னையே தின்னக் கொடுக்கும். வோல்ட்டா பேட்டரி செஞ்சது 1800-லதான். கப்பல்காரங்க காரணம் தெரியாமலே கிட்டத்தட்ட 40 வருஷத்துக்கு முன்னாடி விளைவைப் பாத்துட்டாங்க. 1824-ல ஹம்ஃப்ரி டேவி, செப்புத் தகட்டோட ஒரு மலிவான உலோகத்தைச் சேத்து வெச்சா செம்பு அரிக்காதுன்னு காட்டினார்.

நம்ம இன்ஜின்ல ஸ்டீல், அலுமினிய ஜோடி. இதுல பலியாகுறது அலுமினியம். அது அரிச்சு வெள்ளைப் பொடியா மாறும். அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேணும். மரைக்கு நடுவுல இடமே இல்லாததால, சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிடும். வயல் வண்டிக்கு இது இரட்டிப்பு. சேறு, ஈரம், அதோட உர மூட்டையில இருந்து சிந்துற பொட்டாஷ். வயலுக்குப் போடுற பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. கடலே இல்லாத மன்னார்குடியில தாத்தாவோட வண்டி கடல்ல போன கப்பல் மாதிரிதான் வாழ்ந்திருக்கு.

பொறுமைங்கிற கருவி

அண்ணன் அவசரப்படல. முதல் நாள் சாயங்காலம் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊத்திட்டுக் கிளம்பிட்டார். நான் டபிள்யூடி-40 டப்பாவை நீட்டினேன், சிரிச்சார். அந்தத் திரவம் 1953-ல சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி செஞ்சது. அட்லஸ் ஏவுகணையில துருப்பிடிக்காம இருக்கத் தண்ணியை விரட்டுறதுதான் அதோட வேலை. 40-ஆவது முயற்சியில சரியா வந்ததால அந்தப் பேர். இறுகின மரைக்குள்ள ஊடுருவுறதுக்குன்னு பிறந்தது இல்ல.

மறுநாள் காலையில பெட்ரோல் டேங்கைக் கழட்டித் தூரமா வெச்சார். ஸ்க்ரூவோட தலையில சுத்தியலால நேரா, அளவா ரெண்டு தட்டு. அந்த அதிர்வுல பொடி உடையும். அப்புறம் கேஸுக்குச் சூடு. ஒரே சூட்டுல அலுமினியம் ஸ்டீலைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால பிடி தளரும். அப்புறம் இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால அடிச்சா அது முனையை உள்ள அழுத்திக்கிட்டே திருப்பும், அதனால வழுக்காது. அசைஞ்ச உடனே முழுசாக் கழட்டல. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி.

எல்லாம் வந்துச்சு, ஒண்ணைத் தவிர. அதோட தலை டக்குன்னு ஒடிஞ்சது. எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அவர், "நல்லதாப் போச்சு"ன்னார். தலை போனதால கவர் கழண்டு வந்துடுச்சு, மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். வைஸ் கிரிப்பால கவ்வி, இப்படியும் அப்படியுமா அரை மணி நேரம். கடைசியில வெள்ளைப் பொடியோட அது வெளியே வந்தப்போ கேஸ்ல ஒரு கீறல் இல்ல. துணியால துடைச்சதும் இன்ஜின் நம்பர் தெளிவாத் தெரிஞ்சது. ஆர்.சி. புக்கை எடுத்து ஒத்துப் பாத்தேன். அதே நம்பர்.

வண்டி இன்னும் ஓடல, வேலை நிறைய மிச்சம் இருக்கு. கிளம்புறப்போ அந்த இன்ச் ஸ்பேனர்களைப் பத்திக் கேட்டேன். அவரோட குருநாதர் கொடுத்ததாம். "எனக்கப்புறம் இது யாருக்கு வேணும், காயலாங்கடைக்குத்தான்"னார். எனக்கு வேணும்னு சொன்னேன். முதல்ல அளக்கக் கத்துக்கோங்கன்னார்.

உங்க வீட்டு மூலையிலயும் இப்படி ஒரு வண்டி நிக்கலாம். கழறலன்னா பலத்தைக் கூட்டாதீங்க. அது எந்த ஊர் அளவு, எந்த ஊர்த் தலை, எந்த ரெண்டு உலோகம்னு முதல்ல கேளுங்க.