வெங்ஙானூர் பட்ஸும் பக்கத்துப் பள்ளியும்

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு ஆறு வயதானால், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துப் பெற்றோர் இரண்டு பள்ளிகளை நினைத்துத் தவிக்கிறார்கள். ஒன்று கோட்டை, அட்டக்குளங்கரை, சாலை என்று நடக்கும் தூரத்தில், தெருப்பிள்ளைகள் எல்லாரும் போகிற அரசுப் பள்ளி. மற்றது சிறப்புப் பள்ளி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயதுவரை இரண்டில் எதிலும் இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. எதில் பிள்ளை மனம் ஒட்டும் என்பதைப் பெற்றோர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிறப்புப் பள்ளி என்றால் இங்கே பட்ஸை எடுத்துக்கொள்கிறேன். உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பும் கைகோத்து நடத்துவது. முதல் பட்ஸ் பள்ளி இதே மாவட்டத்தில், வெங்ஙானூர் ஊராட்சியில் 2004இல் தொடங்கியது. இத்தகைய வகுப்பில் சட்டைப் பொத்தான் போடுவதும் சிந்தாமல் சாப்பிடுவதும் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரிவதும் பாடங்கள். முடிக்க வேண்டிய போர்ஷன் என்று எதுவும் ஆசிரியரைத் துரத்துவதில்லை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதால் அதன் காரணத்தைத் தேடுவார்கள். அடம் என்று முடிவு கட்ட மாட்டார்கள்.

பொதுப் பள்ளியில் அதே பிள்ளையை முதலில் பயமுறுத்துவது மணியோசை. பிறகு பெஞ்சு இழுபடும் சத்தம், மின்விசிறி, ஒரே மூச்சில் சொல்லப்படும் நான்கு கட்டளைகள். இவற்றுக்கெல்லாம் செலவில்லாத மாற்று இருக்கிறது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டலாம். மணி அடிக்கும் முன் தோளைத் தொட்டுச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, பதிலுக்குச் சற்றுக் காத்திருப்பு, மனம் கலங்கினால் போய் உட்கார ஒரு மூலை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் நம் பகுதிப் பிள்ளைக்கு, பேச்சும் தாமதமானால், அந்தப் படவரிசை பெரிய துணை. எந்த மொழிக்கும் காத்திராமல் அடுத்து என்ன நடக்கும் என்று அது சொல்லிவிடும்.

பட்ஸின் பழக்கங்களை இப்படிப் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவர முடியும். ஆனால் தெருவில் கூட விளையாடும் சம வயதுப் பிள்ளைகளை பட்ஸுக்குக் கொண்டுபோக முடியாது. தன் முறை வரும்வரை பொறுக்க ஆசிரியர் பல மாதம் கற்றுத்தருவதை, ஓடிப்பிடித்து விளையாடும்போது கூட்டாளிகள் விரைவில் பழக்கிவிடலாம். ஆகவே என் மனம் பக்கத்துப் பள்ளியின் பக்கமே சாய்கிறது.

முதல் பட்ஸ் தொடங்கிய வெங்ஙானூர், சாதி ஒடுக்குமுறையை எதிர்த்துப் போராடிய அய்யன்காளி பிறந்த ஊரும்கூட. சாதியால் பள்ளியில் சேர்க்கப்படாத தன் மக்களின் பிள்ளைகளுக்காக அவர் தனியே பள்ளி திறந்தார். அதோடு நிற்காமல், பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனார். சாதி வெறியர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். சாதிக் கொடுமையையும் நம் பிள்ளைகளின் பள்ளிச் சிக்கலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் தனிப்பள்ளி இருந்தபோதும் பொதுப்பள்ளியின் மேலுள்ள உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

என் சாய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடக்க வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு அளவு சொன்னது. ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றிவரும் ஏற்பாட்டில், அவர் வராத நாளில் பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க நேரும். வகுப்பாசிரியர் கல்நெஞ்சர் அல்லர். ஒரு வகுப்பு முழுவதையும் தனியாளாகச் சுமப்பவர்.

அதனால் சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது, சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதுதான். ஒரு நாள் என்றால், தூரமானாலும் இப்போதைக்குச் சிறப்புப் பள்ளியில் விடுங்கள். கூடவே, பக்கத்துப் பள்ளிக்கு முழுநேரச் சிறப்பாசிரியர் வேண்டுமென்று மாநகராட்சி உறுப்பினரிடமும் கல்வி அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ஐந்து நாளும் வருவார் என்றால், தெருப்பிள்ளைகளோடு அனுப்பிவையுங்கள்.