எந்த நெஞ்சு?

சேதராப்பட்டில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இசிஜி, எக்கோ எல்லாம் நன்றாகவே இருந்தன. மனுஷனுக்குத்தான் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கேட்டால் "நெஞ்சு சரியில்லடா" என்பார். எந்த நெஞ்சு? நம் மொழியில் மாரும் நெஞ்சு, மனசும் நெஞ்சு. இதை எப்படித்தான் பிரித்து அளக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

1961-ல் அமெரிக்காவில் ஆரோன் பெக் மனச்சோர்வை அளக்க 21 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார். அதில் தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை எல்லாம் உண்டு. இதயம் பலவீனமானாலே களைப்பு வருமே! மனசு நன்றாக இருப்பவருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். எங்கள் தொழிலில் இதற்கு ஃபால்ஸ் பாசிட்டிவ் என்று பெயர்.

1983-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர் உடல்நோய்க்காக மருத்துவமனைக்கு வருபவர்களை மனதில் வைத்தே 'ஹாட்ஸ்' அளவுகோலை உருவாக்கினார்கள். பதற்றத்துக்கு 7 கேள்வி, சோர்வுக்கு 7. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு பிரிவில் 11 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். தூக்கம், பசி பற்றிய பேச்சே இல்லை. முன்பு ரசித்ததை இப்போதும் ரசிக்கிறீர்களா, சிரிப்பு வருகிறதா என்றுதான் கேட்கிறது. நல்ல டிசைன். ஆனாலும் 'வேகம் குறைந்தது போல் இருக்கிறதா' என்றொரு கேள்வி உள்ளே தங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்த எழுபது வயசுக்காரர் வேறென்ன சொல்வார்?

இன்னொரு கேள்வி, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது போல பயம் வருகிறதா என்பது. பெரியப்பாவிடம் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்ப்பார். வயிற்றில் புளியைக் கரைக்குதா என்றால் உடனே புரியும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அளவுகோலே கோணிவிடும்.

இந்த மெனக்கெடல் எதற்கு? 1993-ல் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் குழு, மாரடைப்பு வந்த 222 பேரை ஆறு மாதம் கவனித்து எழுதியது. இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சோர்வு இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் படிவம் எதையும் நீட்டவில்லை. "டீக்கடைக்குப் போய் எவ்ளோ நாளாச்சு பெரியப்பா?" என்றேன்.

"போகணும்னே தோணலடா."

அடுத்த திங்கட்கிழமை ஜிப்மர் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டோம்.