ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு ஊர்

நம்ம நிகழ்ச்சியில் வழக்கமா சோழர், பல்லவர்னு ராஜாக்கள் வருவாங்க. இன்றைக்கு ஒரே ஒரு ராஜாதான், அதுவும் ராஜா சர் பட்டம் வாங்கிய செட்டியார்.

பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. பல்கலைக்கழகத்தால் உண்டான ஊர்னா எனக்கு முதலில் ஞாபகம் வருவது அண்ணாமலை நகர். சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே கோயிலும் தேரோடும் வீதிகளும். கிழக்கே பல்கலைக்கழகம். பலர் இதைச் சிதம்பரம் என்றே சொல்வாங்க, ஆனால் இது தனிப் பேரூராட்சி.

அதுக்கு முன்னாடி அங்கே இருந்தது திருவேட்களம். பாசுபதேசுவரர் கோயில் இன்றைக்கும் வளாகத்துக்குள்ளேயே இருக்கு. ஞானசம்பந்தர் தில்லையில் தங்கத் தயங்கி, திருவேட்களத்தில் தங்கிக்கொண்டு நடராஜரைத் தரிசிக்கப் போய்வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஊரின் முதல் ஹாஸ்டல்வாசி அவர்தான்னு நாங்க கேலியாச் சொல்வோம்.

அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, உ.வே.சா. சில வருடங்கள் அதன் தலைவரா இருந்தார். தன் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் சேர்த்துக் கொடுத்து, 1929-இல் பல்கலைக்கழகம் ஆக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழே ஊர் ஊரா இணைப்புக் கல்லூரிகள் இருந்தன. இங்கே அப்படி இல்லை. பாடம், விடுதி, ஆசிரியர் குடியிருப்பு எல்லாம் ஒரே இடத்தில். இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் அந்த ஊரின் மற்ற கதையெல்லாம் கிளம்புதுன்னு நான் நினைக்கிறேன்.

எப்படின்னு சொல்றேன். நான் 1990-களில் அங்கே எம்.ஏ. வரலாறு படிச்சேன். காலையில் வகுப்பு எடுத்த பேராசிரியர் சாயங்காலம் காய்கறிப் பையோட எதிரே வருவார். கேட்காமல் விட்ட சந்தேகத்தை அங்கேயே கேட்கலாம். வாடகை சைக்கிளை மிதித்தால் கால் மணி நேரத்தில் கீழ வீதி. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் கிடைக்கும். லீவு நாளில் பிச்சாவரம். அவ்வளவுதான் பொழுதுபோக்கு. மீதி நேரம் பேச்சு, பேச்சு, பேச்சு.

அந்தப் பேச்சுக்கு அங்கே நீண்ட வரலாறு இருக்கு. 1931-இல் மட்டக்களப்பின் விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியரா வந்தார். பின்னாளில் யாழ் நூல் எழுதியவர். கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும் ஓங்கியிருந்த காலத்தில், 1941-இல் தமிழிசை மாநாடு இங்கேதான் நடந்தது. சென்னையின் சங்கீத உலகம் கொதித்தது. கல்கி ஆதரித்து எழுதினார். 1943-இல் சென்னையிலேயே தமிழ் இசைச் சங்கம் வந்துவிட்டது. நெடுஞ்செழியன், அன்பழகன் இருவரும் படித்ததும் இந்த வளாகத்தில்தான். செட்டியாரின் அரசியல் வேறு, இவங்க அரசியல் வேறு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு விடுதி வராந்தாவில் என்ன பேசுறாங்கன்னு எந்த நிறுவனராலும் தீர்மானிக்க முடியாது, இல்லையா?

அதன் விலை 1965-இல் தெரிந்தது. ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற நிலையில் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுநாள், 27-ஆம் தேதி, இங்கிருந்து கிளம்பிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. சிவகங்கையைச் சேர்ந்த ராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். பல்கலைக்கழக வாசலில் அவருக்குச் சிலை இருக்கு. எங்க காலத்தில் "ராசேந்திரன் சிலைகிட்ட நில்லு, வர்றேன்" என்பதுதான் சந்திக்கும் அடையாளம். அந்தப் பையன் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அது அப்பவே உறுத்தியது.

1979-இல் தொலைதூரக் கல்வி வந்தது. தேர்வு சீசனில் லாட்ஜில் இடம் இருக்காது, ஜெராக்ஸ் கடையில் வரிசை நிற்கும். வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டே போனார்கள். 2012 கடைசியில் சம்பளத்தைக் குறைக்கப்போவதாகப் பேச்சு வந்ததும் ஊழியர்கள் போராட்டம். 2013-இல் அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு மாவட்டக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டாங்க.

சம்பளம் நின்றுபோகாமல் காப்பாற்றியது அரசுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் வீடு கட்டிக் குடியேறியவங்க திடீர்னு திங்கள்கிழமை பெட்டியோட ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை திரும்புறவங்க ஆனாங்க. ஒரே முதலாளியை நம்பிய மில் ஊருக்கு வருகிற கஷ்டம்தான். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் இப்போ கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. அது அரசுக் கட்டணத்துக்காக மாணவர்கள் போராடி வாங்கியது.

அந்த 2013 மாற்றத்தில் வேறு ஊருக்கு மாற்றப்பட்ட ஒருவரோட அடுத்த எபிசோடில் பேசப் போறேன். நீங்களும் அங்கே படிச்சிருந்தா, வேலை பார்த்திருந்தா, அதுக்குள்ள எழுதுங்க.