ரெக்கார்டு பிளேயர் முள்ளை எப்போது மாற்றணும்? கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பரணில் கிடந்த பழைய எல்.பி. ரெக்கார்டுகளைத் தூசு தட்டி எடுத்து, டர்ன்டேபிள் வாங்கிப் பாட்டுக் கேட்பவர்கள் இப்போது மீண்டும் இருக்கிறார்கள். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று பார்த்துப் பார்த்து செலவு செய்பவர்கள்கூட ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது, ரெக்கார்டைத் தொடும் அந்தச் சின்ன முள்.

முள் தேய்ந்தால் சத்தம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேய்ந்த முள் ரெக்கார்டையே செதுக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. முள் போனால் புதுசு வாங்கிக்கொள்ளலாம். மறுபதிப்பே வராத ரெக்கார்டு போனால், போனதுதான். அதனால் முள்ளை எப்போது மாற்றணும், எதை வாங்கணும், எப்படி மாட்டணும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கார்ட்ரிட்ஜ் வேறு, முள் வேறு

டர்ன்டேபிள் கையின் நுனியில் சின்ன பெட்டி மாதிரி இருப்பதுதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் மெல்லிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டின் முனையில் இருக்கும் வைரத் துளிதான் ஸ்டைலஸ், அதாவது முள்.

ரெக்கார்டின் பள்ளத்தில் முள் ஓடும்போது, பள்ளத்தின் வளைவுகளுக்கு ஏற்ப அது அதிரும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகின்றன. ஸ்டீரியோ ரெக்கார்டில் பள்ளத்தின் உள்பக்கச் சுவரில் இடது சேனலும், வெளிப்பக்கச் சுவரில் வலது சேனலும் பதிவாகியிருக்கும். ஒரே முள் இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் படிக்கிறது.

தேய்வது முள் மட்டும்தான். வீட்டு பிளேயர்களில் வரும் பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் முள் பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியும். பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். காசும் மிச்சம்!

எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஜப்பானின் ஆடியோ டெக்னிகா நிறுவனம் தரும் கணக்குப்படி, கூம்பு வடிவ முள் சுமார் 500 மணி நேரமும், நீள்வட்ட முள் 300 மணி நேரமும், ஷிபாடா வகை 800 மணி நேரமும், மைக்ரோலைன் வகை 1,000 மணி நேரமும் தாங்கும். டென்மார்க்கின் ஆர்டோஃபோன் நிறுவனம், ஒழுங்காகப் பராமரித்தால் தன் முட்கள் 1,000 மணி நேரம் வரை ஓடும் என்கிறது.

இதை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு எல்.பி.யின் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 40 நிமிடம். தினமும் ஒரு எல்.பி. கேட்டால் 500 மணி நேரம் முடிய 2 வருஷத்துக்கு மேல் ஆகும். 300 மணி நேரம் என்றால் ஒண்ணேகால் வருஷம்.

வைரம் எப்படித் தேயும் என்று கேட்கலாம். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் முள் கடக்கும் தூரம் 400 மீட்டருக்கும் அதிகம். 500 மணி நேரத்தில் அது சுமார் 650 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட கன்னியாகுமரி வரை ஒரு வைரத் துளியை இழுத்துக்கொண்டே போவதுபோல! வழியில் தூசு வேறு. அழுக்கு ரெக்கார்டில் ஓடும் முள் இன்னும் சீக்கிரம் தேயும்.

தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடங்களில் சீறல் சத்தம் கேட்கும். ரெக்கார்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்கக் குரல் கரகரக்கும். முன்பு நன்றாக ஓடிய ரெக்கார்டு திடீரென்று வரி தாண்டும்.

ஆனால் காதுக்குத் தெரியும்வரை காத்திருப்பது நல்லதல்ல. தேயும் முள்ளின் பக்கவாட்டில் தட்டையான முகங்கள் உருவாகி, அவற்றின் ஓரம் உளி மாதிரி கூராகிவிடும். காது கண்டுபிடிப்பதற்குள் சில ரெக்கார்டுகளின் பள்ளச் சுவர்கள் சிதைந்திருக்கும். பிறகு புது முள் போட்டாலும் அந்தக் கரகரப்பு போகாது.

பழைய டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறீர்களா? அதில் இருக்கும் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்றவருக்கே தெரியாது. நல்ல ரெக்கார்டை வைக்கும் முன்பே முள்ளை மாற்றிவிடுங்கள்.

கூம்பு, நீள்வட்டம், ஷிபாடா: என்ன வித்தியாசம்?

ரெக்கார்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். 12 அங்குல எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஒரு விநாடிப் பாட்டுக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது. உள் ஓரத்தில் அது சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை நெருக்கி எழுதியதுபோல! ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு பெரும்பாலும் மங்கலாகக் கேட்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். முள்ளின் வடிவம் இங்கேதான் வேலை செய்கிறது.

• கூம்பு: முனை உருண்டையாக இருக்கும். விலை குறைவு. மாட்டுவதில் சின்னத் தவறு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நெருக்கமான வளைவுகளுக்குள் முழுதாக இறங்காது.

• நீள்வட்டம்: பள்ளச் சுவரைத் தொடும் ஓரம் மெல்லியது. உயர் சுருதிகள் தெளிவாகக் கேட்கும். வீட்டு பிளேயர்களில் அதிகம் பார்ப்பது இந்த வகைதான்.

• ஷிபாடா: ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்தைச் சேர்ந்த நோரியோ ஷிபாடா 1970களில் உருவாக்கியது. 4 சேனல் ரெக்கார்டுகளைப் படிப்பதற்காக வந்த வடிவம் இது.

• மைக்ரோலைன்: பள்ளச் சுவரோடு மேலிருந்து கீழாக நீளமாக ஒட்டி ஓடும். அழுத்தம் பரவுவதால் நீண்ட நாள் உழைக்கும். கடைசிப் பாட்டிலும் தெளிவு குறையாது. ஆனால் கோணம் சரியாக இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண்.

ஒரே உடல், பல முட்கள்

ஒரே கார்ட்ரிட்ஜில் வெவ்வேறு முட்களை மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? முடியும். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாடா முட்கள் எல்லாமே ஒரே உடலில் பொருந்தும். முதலில் விலை குறைந்ததை வாங்கி, அது தேய்ந்ததும் அடுத்த படிக்குப் போகலாம். ஆர்டோஃபோனின் 2எம் வரிசையிலும் ரெட் வாங்கியவர் பிறகு புளூ முள்ளை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பழைய ஷூர் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த அமெரிக்க நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ போன்ற நிறுவனங்கள் அவற்றுக்கு மாற்று முட்களைத் தயாரிக்கின்றன. 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று பெயரில்லாமல் விற்கும் முட்களிடம் ஜாக்கிரதை.

எம்.எம்.மா, எம்.சி.யா?

முள்ளோடு காந்தம் அசைந்தால் அது எம்.எம். வகை. கம்பிச்சுருள் அசைந்தால் எம்.சி. வகை. எம்.எம். கார்ட்ரிட்ஜ் பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும். எம்.சி.யில் பெரும்பாலானவை அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும். அதற்கு ஏற்ற ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் பாட்டு கிசுகிசு என்றுதான் கேட்கும். எம்.சி.யில் முள் தேய்ந்தால் பெரும்பாலும் வீட்டில் மாற்ற முடியாது, மொத்தமாகத்தான் மாற்றணும். முதல் முறை வாங்குபவர்களுக்கு எம்.எம். போதும்.

தாத்தா காலத்து 78 ரெக்கார்டுக்கு?

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் எம்.கே.தியாகராஜ பாகவதர், கே.பி.சுந்தராம்பாள் பாடிய 78 வேக ரெக்கார்டுகள் இருக்கின்றன. இவற்றை எல்.பி. முள்ளில் ஓட்டக் கூடாது. எல்.பி. முள்ளின் முனை சுமார் 15 முதல் 18 மைக்ரான். 78 ரெக்கார்டின் பள்ளத்துக்குத் தேவை சுமார் 75 மைக்ரான். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டே போகும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். முள்ளும் கெடும்.

மேலே சொன்ன வி.எம்.95 வரிசையில் 78க்கென்றே எஸ்.பி. என்ற தனி முள் இருக்கிறது. அதற்கு 5 கிராம் அழுத்தம் வேண்டும். உங்கள் டர்ன்டேபிள் கை அந்த எடையைத் தருமா, 78 வேகத்தில் சுற்றுமா என்று முதலில் பாருங்கள். இன்னொரு விஷயம்: இந்த ரெக்கார்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. அவை அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

முள் மட்டும் மாற்றுவது 2 நிமிட வேலை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். கார்ட்ரிட்ஜை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முள் பகுதியைத் தயாரிப்பாளர் சொன்ன திசையில் மெதுவாக இழுங்கள். பக்கவாட்டில் அசைக்காதீர்கள். அதே மாடல் முள் என்றால் கோணம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மொத்த கார்ட்ரிட்ஜையும் மாற்றுவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. பின்னால் 4 வயர்கள் இருக்கும். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயரை இழுக்காமல், முனையில் உள்ள கிளிப்பைச் சாமணத்தால் பிடித்துக் கழற்றுங்கள்.

2. புது கார்ட்ரிட்ஜை 2 திருகுகளால் லேசாக மாட்டுங்கள். பெரும்பாலானவற்றில் திருகுகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர்தான்.

3. கையைச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். முன்னும் பின்னும் சாயாமல் கை அந்தரத்தில் நிற்கணும். அங்கே எடை டயலைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு தயாரிப்பாளர் சொன்ன எடைக்குத் திருப்புங்கள். வி.எம்.95இன் எல்.பி. முட்களுக்கு 2 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம்.

4. புரோட்ராக்டர் என்ற அளவுத் தாளைத் தட்டில் வைத்து, குறித்த புள்ளியில் முள் நிற்கிறதா, கோடுகளுக்கு இணையாக கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று சரிபார்த்துத் திருகை இறுக்குங்கள்.

5. எடையை மறுபடி சரிபாருங்கள். ஆன்டி ஸ்கேட்டிங்கை அதே எண்ணில் வையுங்கள். முதலில் கீறல் விழுந்த பழைய ரெக்கார்டு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

எடையைக் குறைத்தால் ரெக்கார்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. எடை போதாத முள் பள்ளத்தில் நிற்காமல் துள்ளி, சுவர்களில் இடிக்கும். சொன்ன எடையில் வைப்பதுதான் பாதுகாப்பு.

சரி, எதை வாங்கலாம்?

எல்லா பிளேயரிலும் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற பிளேயர்களில் முள்ளை மட்டும்தான் மாற்றலாம். விலை குறைந்த சூட்கேஸ் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜும் அதிக அழுத்தமும் இருக்கும். அவற்றில் விலை உயர்ந்த முள்ளை மாட்ட வழியில்லை. கிடைக்காத ரெக்கார்டுகளை அதில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

கோணமும் எடையும் சரிசெய்யக்கூடிய டர்ன்டேபிள் இருந்தால், நீள்வட்ட முள்ளில் ஆரம்பிக்கலாம். தினமும் பல மணி நேரம் கேட்பவர்களுக்கு மைக்ரோலைன் விலை அதிகம் என்றாலும், ஆயுளைக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகும்.

எதை வாங்கினாலும், மாட்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதி பிளேயர் அடியில் ஒட்டிவையுங்கள். கேட்கும் நேரத்தையும் அவ்வப்போது குறித்துவையுங்கள். மணிக்கணக்கு முடிந்ததும், சத்தம் நன்றாகவே இருந்தாலும், முள்ளை மாற்றிவிடுங்கள். அவ்ளோதான்!