டிராக்டர் டிரெய்லர் சக்கரம் ஓடும்போதே கழல்வது ஏன்? வீல் பேரிங் பராமரிப்பு முதல் மாற்றுவது வரை... முழு விவரம்!

நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்கும் ஆரணி அரிசி ஆலைகளுக்கும் கிளம்பும். கரும்பு செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும். கோடை வந்தால் ஏரி வண்டல் அள்ள வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் வெம்பாக்கம் பக்கம் இந்த எல்லா வேலையையும் இழுப்பது டிராக்டர் டிரெய்லர்தான். டிராக்டருக்கு ஆயில் மாற்றுகிறோம், ஃபில்டர் மாற்றுகிறோம், சர்வீஸ் விடுகிறோம். பின்னால் வரும் டிரெய்லருக்கு? டயரில் காற்று இருக்கா, அவ்ளோதான். ஹப்புக்குள் இருக்கும் பேரிங்கை, சக்கரம் ஆட ஆரம்பித்த பிறகுதான் பலர் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

அதற்குள் ஆக்ஸில் முனையே தேய்ந்திருக்கலாம். பாரத்தோடு போகும்போது சக்கரம் கழன்றால் டிரெய்லர் ஒரு பக்கம் சாயும். கழன்ற சக்கரம் தனியாக உருண்டு எதிரே வரும் டூவீலர் மீது மோதலாம். முன்கூட்டியே தெரியாதா என்றால், தெரியும். ஆனால் டிராக்டர் இன்ஜின் போடும் சத்தத்தில், பின்னால் பேரிங் அரைபடுவது ஓட்டுபவர் காதில் விழுவதே இல்லை.

ஹப்புக்குள் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்புக்குள்ளும் பொதுவாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ரோலர்கள் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும். ரோலர்களோடு இருக்கும் பகுதி கோன். அது உட்காரும் எஃகு வளையம் கப். கப் ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து ஏற்றப்பட்டிருக்கும். உள்பக்கம் மண், தண்ணீர் போகாமல் தடுக்க ஆயில் சீல். வெளிப்பக்கம் வாஷர், நட், நட் திரும்பாமல் இருக்க ஸ்பிலிட் பின், அதன் மேல் ஒரு தொப்பி.

ரோலர் ஏன் சரிவாக இருக்க வேண்டும்? வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து கீழே அழுத்தும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் தாங்கத்தான் இந்தச் சரிவு. அமெரிக்காவில் குதிரை வண்டி தயாரித்துவந்த ஹென்றி டிம்கன், இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடித்தான் 1898-ல் டேப்பர் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம ஊர் கட்டை வண்டியிலும் கதை ஒன்றுதான். அன்று வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை, இன்று கிரீஸ். அன்று கடையாணி, இன்று ஸ்பிலிட் பின். கடையாணி இல்லாமல் அன்று யாரும் மாட்டைப் பூட்டியதில்லை. இன்று துருப்பிடித்த பழைய பின்னையே நிமிர்த்தி மறுபடி மாட்டுகிறார்கள்!

பேரிங் எதனால் போகிறது?

ஓவர்லோடு ஒரு காரணம்தான். ஆனால் பாரத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. பழைய கிரீஸ், உள்ளே போன தண்ணீர், தவறாக இறுக்கிய நட் ஆகிய மூன்றும் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வட்டாட்சியர் அலுவலக அனுமதியோடு ஏரியில் வண்டல் எடுக்கப் போகும் டிரெய்லர், ரோட்டில் ஓடி ஹப் சூடான நிலையில் நேராக ஈரத்தில் இறங்குகிறது. சூட்டில் விரிந்திருந்த உள்காற்று, தண்ணீர் பட்டுக் குளிர்ந்ததும் சட்டென்று சுருங்கும். அப்போது தேய்ந்த சீல் வழியாகச் சேற்றுநீரை உள்ளே இழுக்கும். வெளிநாடுகளில் படகு ஏற்றும் டிரெய்லர்களுக்கும் இதே தலைவலிதான். உள்ளே போன தண்ணீர் கிரீஸைப் பால்போல வெளுக்க வைக்கும். ரோலரில் துருப்புள்ளி விழும். அடுத்த அறுவடையில் நெல் ஏற்றும்போதுதான் அது சத்தம் போடும்.

எப்போது பார்க்க வேண்டும்?

கேரவன் வகை டிரெய்லர்களுக்கு 12 மாதம் அல்லது சுமார் 19,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது கிரீஸ் மாற்றச் சொல்லும் ஆக்ஸில் நிறுவனங்கள் உண்டு. அது தார்ச்சாலைக்கான கணக்கு. சேற்றிலும் வரப்பிலும் ஓடும் நம் டிரெய்லருக்கு கிலோமீட்டர் கணக்கு சரிவராது. அறுவடை சீசனுக்கு முன் ஒரு தடவை, ஏரி வேலை முடிந்ததும் ஒரு தடவை ஹப்பைத் திறப்பதுதான் பாதுகாப்பு. தயாரிப்பாளர் கொடுத்த கையேடு இருந்தால் அதையும் பாருங்கள்.

திறக்காமலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, புறங்கையை ஹப் அருகே கொண்டுபோங்கள். எடுத்ததும் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். இளஞ்சூடு இயல்பு. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த ஹப்பைத் திறந்தே ஆக வேண்டும். பாரம் இல்லாதபோது ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது.

மாற்றுவது எப்படி?

முதலில் பாரத்தை இறக்குங்கள். சமதரையில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

தொப்பியைக் கழற்றி, ஸ்பிலிட் பின், நட், வாஷர் எடுத்தால் வெளி பேரிங் கைக்கு வரும். ஹப்பை இழுத்து எடுத்து, பின்பக்க சீலை நெம்பினால் உள் பேரிங். எல்லாவற்றையும் டீசல் அல்லது மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். கம்ப்ரஸர் காற்றை அடித்து பேரிங்கைச் சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். ரோலர் தெறித்தால் ஆபத்து.

ரோலரிலோ கப்பிலோ குழி, உரிசல், துரு, நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கோன் மட்டும் புதுசு போட்டு, பழைய கப்பை ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பழைய கப்பின் தேய்மானம் புது ரோலரைச் சீக்கிரமே தின்றுவிடும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து மாறி மாறித் தட்டி வெளியேற்றி, புதியதைக் கோணாமல் அடிவரை இறக்குங்கள். ஆக்ஸில் முனையில் ஆழமான கோடு விழுந்திருந்தால் புது பேரிங் போட்டும் பலன் இல்லை. லேத் பட்டறையில் காட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையே கொண்டுபோவது நல்லது. எண் அதிலேயே பொறித்திருக்கும். 30208 என்றால் கடைசி 08-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: உள்விட்டம் 40 மி.மீ. இந்தக் கணக்கு மெட்ரிக் வகைக்கு மட்டும். அங்குல வகைக்குப் பொருந்தாது. போலி பேரிங்குகளும் சந்தையில் உண்டு என்பதால் பில் கேட்டு வாங்குங்கள். எஸ்.கே.எஃப். போன்ற நிறுவனங்கள் பொருள் அசலா என்று சரிபார்க்கச் செயலியே வைத்திருக்கின்றன.

கிரீஸ் விஷயத்தில் வீல் பேரிங்குக்கு உரியதையே கேளுங்கள். ‘ஏ.பி.3’ என்ற பெயரில் கிடைப்பது லித்தியம் வகை. சாதாரண கால்சியம் கிரீஸ் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே உருகி வழிந்துவிடும்; லித்தியம் வகை ஏறக்குறைய 180 டிகிரி வரை உருகாது. பழையதோடு புதியதைக் கலக்காமல், முழுதாகக் கழுவிய பிறகே நிரப்புங்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மேல் பக்கம் ரோலர் இடுக்கில் கிரீஸ் பிதுங்கி வரும் வரை சுற்றிலும் செய்ய வேண்டும். மேலாகத் தடவினால் போதாது. ஹப்பின் உள்வெளியை முழுசாக அடைக்கவும் கூடாது, சூடேறும். சீல் எப்போதும் புதிது.

நட்டை எவ்வளவு இறுக்குவது?

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பானரில் பலம் உள்ளவரை இறுக்கினால் சக்கரம் ‘கெட்டியாக’ இருக்கும் என்று தோன்றும். உண்மையில் ரோலர்கள் கப்போடு நசுங்கிச் சூடேறி, கிரீஸ் உருகி, பேரிங் கருகும். தளர்வாக விட்டாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் ரோலர் இடிபடும்.

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை ஸ்பானரால் இறுக்குங்கள்; உள்ளே எல்லாம் ஒழுங்காக உட்காரும். பிறகு ஹப்பைத் திருப்பாமல் நட்டைத் தளர்த்தி, இந்த முறை வெறும் விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் ஓட்டை நேராக வரவில்லையா? இறுக்கும் பக்கம் வேண்டாம், தளர்த்தும் பக்கம் அடுத்த பள்ளம் வரை மட்டும் திருப்புங்கள். புது பின் செருகி இரு காலையும் மடக்குங்கள். சக்கரம் கையால் தள்ளினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது.

முதல் 10 - 15 கி.மீ. ஓடியதும் நிறுத்தி ஹப் சூட்டையும் வீல் நட்டுகளையும் மறுபடி பாருங்கள்.

வழியிலேயே ஹப் புகைந்தால்?

ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடான ஹப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; சீல் வழியாக உள்ளே போகும், எஃகும் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும். ‘ஆலை கிட்டத்தான் இருக்கு, மெதுவா போயிடலாம்’ என்று கிளம்ப வேண்டாம். பாரத்தை வேறு டிரெய்லருக்கு மாற்றிவிட்டு, மெக்கானிக்கை அந்த இடத்துக்கே வரச்சொல்லுங்கள். இரவு என்றால் பின்னால் தூரத்திலேயே தெரியும்படி எச்சரிக்கை முக்கோணமோ விளக்கோ வையுங்கள். விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் பின்னால் வரும் பைக் மோதும் அபாயமும் குறைந்ததல்ல.